டவுனுக்குப் போவதென்றால் எந்த டவுனுக்கு? சேலம் கடைவீதியும் அக்கம்பக்கத்துக் கடைவீதிகளும்

சேலத்தில் "டவுனுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று சொன்னால் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. சூரமங்கலத்தில் இருப்பவரும் அஸ்தம்பட்டியில் இருப்பவரும் மாநகராட்சிக்குள்ளேதான் குடியிருக்கிறார்கள். ஆனாலும் டவுன் என்பது பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருக்கும் அந்தச் சில தெருக்கள்தான். ஈரோட்டில் அந்த இடத்தைப் பன்னீர்செல்வம் பார்க் பிடித்திருக்கிறது. நாமக்கல்லில் மலைக்கோட்டைப் பாறையின் அடிவாரம். ஏற்காட்டில் ஒண்டிக்கடை ரவுண்டானா. சேலத்திலிருந்து எல்லாமே ஒரு மணி நேரம், ஒன்றே கால் மணி நேரப் பயணம். ஒரு நாள் லீவு, கையில் ஒரு பை, கொஞ்சம் பணம் என்று கிளம்புகிறவர் எதற்கு எங்கே போகலாம் என்பதுதான் இங்கே பேச்சு.

அளவுகோல் மூன்று. பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்திலிருந்து நடந்தே வேலை முடிகிறதா? கடையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சரக்கு தெரிகிறதா? நடுவில் ஓய்ந்து உட்கார ஒரு நிழலும் ஒரு வாய் பலகாரமும் உண்டா? இந்த மூன்றும் ஒரே ஊரில் சேர்ந்து கிடைப்பதில்லை. சேலத்தில் நடுவில் உள்ளது கிடைக்கும், முதலாவதும் மூன்றாவதும் பாதிப் பாதி கிடைக்கும். நாமக்கல்லில் முதலாவதும் மூன்றாவதும். ஈரோட்டில் நடுவில் உள்ளது மட்டும், அதுவும் வாரத்தில் ஒரு நாள்.

சேலம் கடைவீதி ஏன் இவ்வளவு பெரிது என்று வெளியூர்க்காரர்கள் மலைப்பார்கள். 1965 வரை தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஓசூரும், 1997 வரை நாமக்கல்லும் சேலம் மாவட்டம்தான். அத்தனை ஊர்க் கல்யாணத்துக்கும் அத்தனை ஊர் மளிகைக் கடைக்கும் சரக்கு இங்கிருந்தே போயிற்று. மாவட்டம் சுருங்கிவிட்டது, கடைவீதி சுருங்கவில்லை. அதனால்தான் ஒரு தெரு முழுக்க ஒரே தொழில் என்ற பழைய ஏற்பாடு இன்னும் உடையாமல் நிற்கிறது.

பழைய பஸ் ஸ்டாண்ட் இப்போது ஈரடுக்கு. 2023-ல் திறந்தார்கள். டவுன் பஸ்கள் கீழேயும் மேலேயுமாக நிற்பதால் திரும்பும்போது உங்கள் பஸ் எந்தத் தளம் என்று இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையிலும் பையோடு மாடிப்படி ஏறி, தப்பான தளம் என்று தெரிந்து இறங்குவது தினமும் அங்கே நடக்கிற கூத்து. ரயிலில் வருகிறவர்கள் ஜங்ஷனில் இறங்கினால் அது சூரமங்கலம். டவுன் அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர். விருத்தாசலம் பாதையில் வருகிற ரயில் என்றால் சேலம் டவுன் ஸ்டேஷனிலேயே இறங்கலாம். வெளியூர் பஸ்ஸில் வந்தால் மெய்யனூர் புதிய பஸ் ஸ்டாண்டில் விடுவார்கள். அங்கிருந்து டவுன் பஸ் அடிக்கடி உண்டு, ஆட்டோ தேவையில்லை.

பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்தால் ஒரு பக்கம் வ.உ.சி. மார்க்கெட், பூவும் பழமும். பனமரத்துப்பட்டிப் பக்கத்து அரளி மூட்டை மூட்டையாக இறங்குவது விடியற்காலையில். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் போய் மல்லிகை விலை கேட்டால் கேட்டவர் முகம்தான் வாடும். ராஜகணபதி கோயிலைத் தாண்டினால் முதல் அக்ரஹாரம், இரண்டாவது அக்ரஹாரம், சின்னக்கடை வீதி, பெரியகடை வீதி என்று ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து போகும். பாத்திரம், ஜவுளி, நகை, பூஜைச் சாமான், நாட்டு மருந்து, ஸ்டேஷனரி எல்லாம் நடை தூரம்தான். தூரம் சிக்கல் இல்லை. நடைபாதை இல்லாததுதான் சிக்கல். இருக்கும் கொஞ்சம் நடைபாதையில் கடையின் பொம்மைகள் நிற்கின்றன, மிச்சத்தில் டூ வீலர்கள். கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் போவதாக இருந்தால் காலை பத்தரை மணி, வார நாள். கடை அப்போதுதான் திறந்து தண்ணீர் தெளித்திருப்பார்கள், பில் போடுகிற ஆளுக்கும் பேசப் பொறுமை இருக்கும். சாயங்காலம் ஆறு முதல் எட்டு வரை தவிர்த்துவிடுங்கள். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை வாரத்தில் கோட்டைப் பக்கத்துப் போக்குவரத்தையே மாற்றிவிடுவார்கள். பண்டிகையைப் பார்க்கப் போனால் பண்டிகை, சாமான் வாங்கப் போனால் வீண் அலைச்சல்.

கார் கொண்டுபோவது பற்றிக் கேட்காதீர்கள். நாலு ரோட்டுப் பக்கமோ கலெக்டர் ஆபீஸ் பக்கமோ நிறுத்திவிட்டு நடப்பதோ ஆட்டோ பிடிப்பதோதான் நிம்மதி.

டவுனின் இன்னொரு பாதி செவ்வாய்ப்பேட்டை. செவ்வாய்க்கிழமைச் சந்தையால் வந்த பெயர். லீ பஜார் இங்கேதான். அரிசி, பருப்பு, வெல்லம், மிளகாய், ஜவ்வரிசி, எல்லாம் மூட்டைக் கணக்கு. சில்லறைக்கும் கொடுக்கிற கடைகள் உண்டு, ஆனால் கால் கிலோ, அரைக் கிலோ என்று கேட்டால் முகம் கொடுக்க மாட்டார்கள். ஐந்து கிலோவுக்கு மேல் போனால்தான் அங்கே போனதற்குப் பலன். ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம். காலையில் லாரி இறக்கும் நேரத்திலும் வேண்டாம், மூட்டை தூக்குகிறவர்கள் வழியில் நின்று விலை விசாரிப்பது அவர்களுக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. ஜவ்வரிசி வாங்கும்போது பால்போல் பளீரென்று இருப்பதைத்தான் நல்லது என்று கை தேடும். கொஞ்சம் மங்கலான வெண்மைதான் இயல்பானது, கண்ணைப் பறிக்கும் வெள்ளைக்கு வெளுப்பு மருந்து காரணமாக இருக்கலாம். வெல்லமும் அப்படியே. தங்கம்போல் மஞ்சளாக இருந்தால் நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற வெளுப்பு ரசாயனம் போட்டுக் காய்ச்சியதாக இருக்கலாம். அழுக்குப் பழுப்பாக இருக்கும் உருண்டையை ஒரு கிள்ளு வாயில் போட்டுப் பாருங்கள். உப்புக் கரித்தால் அதுவும் வேண்டாம்.

சேலம் டவுனை மற்ற எல்லா ஊரிலிருந்தும் பிரித்துக் காட்டுகிற சரக்கு கொலுசு. செவ்வாய்ப்பேட்டை, குகை, சிவதாபுரம் பக்கம் வீட்டுத் திண்ணையே பட்டறை. ஒரு வீட்டில் கம்பி இழுப்பார்கள், இன்னொரு வீட்டில் வளையம் கோப்பார்கள், பற்ற வைப்பது ஓரிடம், முத்து கட்டுவது ஓரிடம், மெருகு ஓரிடம். ஒரு ஜோடிக் கொலுசு கடைக்கு வருவதற்குள் ஐந்தாறு கை மாறியிருக்கும். இதனால் கடைக்காரருக்கு ஒரு வசதி: முத்து விழுந்தாலும் கொக்கி தேய்ந்தாலும் அன்றைக்கே சரி செய்து தர ஆள் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். வேறு ஊரில் வாங்கினால் இது கிடைக்காது.

ஆனால் கொலுசு வாங்குகிறவர்கள் ஏமாறுவதும் இங்கேதான், காரணம் டச். வெள்ளியின் சுத்தத்தை நூற்றுக்கு எத்தனை என்று சொல்வது டச். எழுபது டச் கொலுசு நூறு கிராம் என்றால் அதில் வெள்ளி எழுபது கிராம், மிச்சம் பெரும்பாலும் செம்பு. இது மோசடி இல்லை. சுத்த வெள்ளி மென்மையானது, தினமும் காலில் போட்டு நடந்தால் வளையம் நீண்டு முத்து கொட்டிவிடும், ஆகவே கலப்பு வேண்டும். மோசடி எப்போது என்றால், எழுபது டச் சரக்குக்குச் சுத்த வெள்ளி விலையைப் போட்டு, அதற்கு மேல் செய்கூலியும் வாங்கி, திரும்பக் கொடுக்கும்போது "இது ஐம்பத்தைந்துக்குத்தான் எடுப்போம்" என்று சொல்லும்போது. தங்கத்தைப்போல வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை, விரும்பினால் போடலாம் என்ற நிலைதான். எனவே வாங்கும்போதே இரண்டு கேள்வி: "இது எத்தனை டச்? திரும்பக் கொண்டுவந்தால் எத்தனை டச்சுக்கு எடுப்பீங்க?" இரண்டு விடைக்கும் நடுவில் ஐந்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அடுத்த கடை. விடையைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். கல், எனாமல் வைத்த கொலுசு என்றால் கல் எடை கழித்தார்களா என்று பாருங்கள். கடைசியாக, கொக்கியைப் பத்துத் தடவை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். கொலுசு தொலைவது முக்கால்வாசி கொக்கி தளர்ந்துதான். காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பதெல்லாம் மனத் திருப்திக்கு.

அம்மாபேட்டை, குகை நெசவாளர்களின் வெண்பட்டு வேட்டிக்குப் புவிசார் குறியீடு உண்டு. கடைவீதியில் "வெண்பட்டு" என்று எடுத்துப் போடுவதில் செயற்கை நூலும் கலந்து வரும். பட்டு முத்திரை அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் ஓரத்தில் தொங்கும் நூல் ஒன்றைக் கேட்டு வாங்கித் தீக்குச்சியில் காட்டுங்கள். பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். நல்ல சரக்கு வைத்திருக்கிற கடைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், சில பேர் தாங்களே செய்து காட்டுவார்கள்.

இனி மூன்றாவது அளவுகோல், அந்த ஒரு வாய் பலகாரம். தட்டுவடை செட் இல்லாமல் சேலம் டவுன் இல்லை. சாயங்காலம் நாலரைக்கு மேல் தள்ளுவண்டிகள் வந்துவிடும். உள்ளங்கைக் குழிக்குள் அடங்குகிற சின்னத் தட்டுவடை. ஒன்றின் மேல் பச்சைச் சட்னி, புதினா மல்லி. அதன் மேல் துருவிய கேரட், பீட்ரூட், பொடியாக நறுக்கிய வெங்காயம். இன்னொரு தட்டுவடையில் சிவப்புக் காரச் சட்னியைத் தடவிக் கவிழ்த்து மூடுவார்கள். மேலே எலுமிச்சை பிழிவதும் மாங்காய்த் துருவல் போடுவதும் வண்டிக்கு வண்டி மாறும். இதில் கெட்டுப்போவது இரண்டு விஷயம். ஒன்று, கூட்டம் வரும் என்று முன்கூட்டியே தடவி அடுக்கி வைப்பது. சட்னித் தண்ணீர் ஊறிவிட்டால் தட்டுவடை நனைந்த அட்டைதான். கடிக்கும்போது "மொறுக்" என்ற சத்தம் வர வேண்டும், அதற்கு உங்கள் கண்முன்னே தடவ வேண்டும். இரண்டு, பீட்ரூட்டைத் துருவிப் பிழியாமல் போடுவது. இரண்டு நிமிடத்தில் கை, சட்டை, தட்டு எல்லாம் சிவப்பு. மூடி போட்ட டப்பாவில் துருவல் வைத்திருக்கும் வண்டியைப் பார்த்து நில்லுங்கள். சட்னியில் பச்சைத் தண்ணீர் கலப்பதுதான் வயிற்றுக்கு வம்பு, அதனால் கெட்டிச் சட்னி வண்டியே பாதுகாப்பு. காரம் தாங்காதவர்கள் நொறுக்கல் கேட்கலாம், முறுக்கையும் தட்டுவடையையும் நொறுக்கி அதே துருவலோடு கிளறித் தருவார்கள். பூண்டு முறுக்கு செட் அதைவிடக் கனம், இரண்டு பேர் ஒன்று வாங்கினால் போதும்.

நிழலில் உட்கார இடம் வேண்டுமென்றால் சுகவனேஸ்வரர் கோயில் பிராகாரத்தை விட்டால் வேறு வழியில்லை. பக்கத்தில் ஆறு ஓடுகிறதே என்று கேட்கலாம். திருமணிமுத்தாறு மலையில் பிறக்கும்போது ஆறுதான். டவுனுக்குள் வரும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடக்க வேண்டும். பெயர் மட்டும் முத்தாகவே இருக்கிறது.

ஐந்து ரோடு, புதிய பஸ் ஸ்டாண்ட், சாரதா காலேஜ் ரோடு வட்டாரத்தைச் சேலத்தின் புது டவுன் என்கிறார்கள். ஏசி, லிஃப்ட், கார் நிறுத்தம், சுத்தமான கழிப்பறை எல்லாம் உண்டு. 2020-ல் திறந்த ஈரடுக்கு மேம்பாலம் ஐந்து ரோட்டு நெரிசலைக் குறைத்தது உண்மை. ஆனால் பாலத்துக்குக் கீழே ஒரு கடையிலிருந்து எதிர்க் கடைக்கு நடந்து போவது இன்னும் பெரும்பாடு. ஒரு கட்டடத்துக்குள் போய், வாங்கி, வெளியே வந்து வண்டி ஏறுகிறவர்களுக்கான இடம் இது. இதே கடைகள் கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் உண்டு. மழைக்காலத்துக்கும் வயதானவர்களுக்கும் இதுவே சரி, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

நடப்பதற்கென்றே போவதானால் நாமக்கல். ஊர் நடுவில் ஒரே பாறை, அறுபத்தைந்து மீட்டர் உயரம், உச்சியில் கோட்டை. பாறையின் ஒரு பக்கம் குடைந்த நரசிம்மர் கோயில், மறுபக்கம் குடைந்த ரங்கநாதர் கோயில், எதிரே பதினெட்டு அடி ஆஞ்சநேயர், தலைக்கு மேல் கூரை இல்லாமல். பக்கத்திலேயே கமலாலயக் குளம். கடைவீதியின் எந்த முனையில் நின்றாலும் பாறை தெரிவதால் வழி தவறாது. சேலத்தில் பத்துத் தெரு சுற்றியும் எந்தத் திசை என்று தெரியாமல் நிற்பவர்கள் இங்கே குழந்தையைத் தனியாக அனுப்பினாலும் கவலைப்பட மாட்டார்கள். மலை ஏறக் கால் மணி நேரம் போதும். பாறையில் வெட்டிய படி, அதனால் பதினோரு மணிக்கு மேல் கல் சுடும். காலை ஒன்பதுக்குள் ஏறி இறங்கிவிட்டால் கடைகள் திறக்கும் நேரம் சரியாக இருக்கும். ஆஞ்சநேயர் கோயில் வடைமாலை வடை கிடைத்தால் விடாதீர்கள். மிளகு போட்டுக் கெட்டியாகச் சுட்டது, நாலு நாள் கெடாது. மெதுவடை நினைப்பில் கடித்தால் பல்தான் போகும்.

குறை? இரண்டு உண்டு. 2024 நவம்பரிலிருந்து வெளியூர் பஸ்கள் முதலைப்பட்டியிலுள்ள புதிய பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டன. முன்பு பஸ்ஸிலிருந்து இறங்கினால் நிமிர்ந்து பார்க்கும் தூரத்தில் பாறை. இப்போது ஒரு டவுன் பஸ் மாறித்தான் வர வேண்டும். போக, வர அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் பஸ் இரைச்சல் குறைந்தது நடப்பவர்களுக்கு லாபம், பழைய பஸ் ஸ்டாண்டு வாசல் டீக்கடைகளுக்கும் பழக்கடைகளுக்கும் நஷ்டம். அடுத்த குறை, வாங்கச் சரக்கு கொஞ்சம். ஊரின் பெரிய தொழில் லாரி பாடி கட்டுவதும் கோழிப்பண்ணையும். இரண்டுமே பையில் போட்டுக்கொண்டு வரக்கூடியது இல்லை. முட்டைக்குத் தினமும் விலை நிர்ணயமாவது இந்த ஊரில்தான் என்பதற்காக முட்டை இங்கே சல்லிசு என்று எண்ணிவிட வேண்டாம். கடையில் சேலத்து விலைக்கும் இதற்கும் காசுக்கணக்கில்தான் வித்தியாசம், அதற்காகப் பஸ்ஸில் மடியில் வைத்து வருவது உடைவதற்குத்தான்.

ஈரோட்டுக்கு ஒரே காரணம் துணி, ஒரே நாள் செவ்வாய். பன்னீர்செல்வம் பார்க் பக்கத்துக் கனி மார்க்கெட்டில் வாரச் சந்தை திங்கள் சாயங்காலமே கூடிவிடும், செவ்வாய் முழுக்க நடக்கும். கேரளா, கர்நாடகா, ஆந்திராவிலிருந்து வியாபாரிகள் ராத்திரியோடு ராத்திரியாக வந்து விடிவதற்குள் மூட்டை கட்டிவிடுவார்கள். வீட்டுக்கு வாங்குகிறவர்களுக்கு நல்ல நேரம் செவ்வாய் காலை எட்டிலிருந்து பதினொன்று வரை. மொத்த வியாபாரம் ஓய்ந்திருக்கும், மிச்சச் சரக்கைச் சில்லறைக்குத் தள்ளிவிட நினைப்பார்கள். சேலம் ஜங்ஷனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். பஸ்ஸைவிட ரயில் மேல், திரும்பும்போது மூட்டை வைக்க இடம் இருக்கும். ஸ்டேஷனிலிருந்து பார்க்குக்கு டவுன் பஸ் போகும்.

விலை குறைவு என்பது டஜன் கணக்குக்குத்தான். ஒரு நைட்டி, ஒரு லுங்கி என்று கேட்டால் சேலத்து விலைதான் சொல்வார்கள். அக்கா, தங்கை, பக்கத்து வீடு என்று நாலு வீடு சேர்ந்து போய் டஜனாக வாங்கிப் பிரித்துக்கொள்வதுதான் தெரிந்தவர்கள் செய்வது. கட்டு பிரிக்காமல் வாங்காதீர்கள். மேலே இருக்கும் இரண்டு உருப்படி முதல் தரமும் நடுவில் செகண்ட்ஸும் இருப்பது புதிதில்லை. ஒவ்வொன்றையும் விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இழை விட்ட இடமும் எண்ணெய்க் கறையும் தெரிந்துவிடும். வேட்டி, லுங்கியை முழம் போட்டுப் பாருங்கள், நாலு முழம் என்று சொல்லி ஒரு சாண் குறைவது உண்டு. சாயம் போகுமா என்று பார்க்கக் கைக்குட்டை நுனியை நனைத்து, அடர்ந்த நிறத்தின் மேல் பத்துத் தடவை அழுத்தித் தேய்க்க வேண்டும். லேசாக ஏறினால் தனியாகத் துவைத்துச் சமாளிக்கலாம், கைக்குட்டையே நிறம் மாறினால் வைத்துவிடுங்கள். பருத்தித் துணி முதல் துவைப்பில் சுருங்கும், அதனால் நைட்டியும் பாவாடையும் ஒரு அளவு பெரிதாக. சந்தையில் வாங்கியதை அடுத்த வாரம் மாற்றித் தர அதே ஆள் அதே இடத்தில் இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மாற்ற வேண்டி வரும் என்று தோன்றினால் நிரந்தரக் கடையில், பில்லோடு. பவானி ஜமக்காளமும் சென்னிமலைப் போர்வையும் டவுனில் கிடைக்கும், ஆனால் நெய்கிற ஊரில் இருக்கிற ரகம் இங்கே இருக்காது.

செவ்வாய் தவிர மற்ற நாளில் ஈரோடு டவுன் ஒரு சாதாரண நெரிசலான டவுன். மணிக்கூண்டிலிருந்து ஈஸ்வரன் கோயில் வீதி வரை நடந்தால் சேலத்துச் சின்னக்கடை வீதி நினைவுதான் வரும், தட்டுவடை மட்டும் இருக்காது. பெரியார் வாழ்ந்த வீடு நினைவகமாக இருக்கிறது, பார்க்க அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

தருமபுரி, திருச்செங்கோடு, ஆத்தூர் டவுன்களை ஏன் விட்டாய் என்று அந்தந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். திருச்செங்கோட்டு மலையும் தேர்வீதியும் அழகு, ஆனால் அது கோயிலுக்குப் போகிற பயணம். தருமபுரியில் பஸ் ஸ்டாண்டும் கடைவீதியும் ஒட்டியே இருப்பது பெரிய வசதி. சேலத்தில் கிடைக்காதது அங்கே கிடைக்கும் என்று சொல்ல முடியாததால் தொப்பூர்க் கணவாய் தாண்டிப் போகக் காரணம் இல்லை.

ஏற்காட்டை டவுன் கணக்கில் சேர்ப்பதே கொஞ்சம் தாராளம்தான். ரவுண்டானா, ஏரி, பஸ் நிற்கும் இடம், அவ்வளவுதான், பத்து நிமிடத்தில் சுற்றி முடிக்கலாம். ஆனாலும் மே மாதத்தில் சேலத்து வெயில் நாற்பதைத் தொடும்போது இந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் ஊரே இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுகிறது. ஞாயிறு, கோடை விழா நாட்களில் போகாதீர்கள். விழா நாட்களில் அடிவாரம் வழியாக ஏற்றி, குப்பனூர் வழியாக இறக்குவார்கள், இது தெரியாமல் டூ வீலரில் போகிறவர்கள் இறங்கும்போது பெட்ரோலைக் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி வளைவில் சூடேறிப் பிடிக்காமல் போகும். வளைவில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி.

வாங்க வேண்டியது காப்பித் தூளும் மிளகும். 1820-களில் காக்பர்ன் என்ற கலெக்டர் காலத்தில் வந்த காப்பி இன்றும் மலையின் முதல் பயிர். "எஸ்டேட் காப்பி" என்று பொட்டலத்தில் எழுதியிருப்பது ஒன்றையும் சொல்லாது, சிக்கரி எத்தனை பங்கு என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீரில் அரை ஸ்பூன் தூவிப் பாருங்கள். காப்பி கொஞ்ச நேரம் மிதக்கும், சிக்கரி உடனே பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு இறங்கும். மிளகையும் தண்ணீரில் போடலாம். முற்றிய மிளகு மூழ்கும், பொக்கும் பப்பாளி விதையும் மேலே வரும். ஏரிக்கரைப் பாட்டில் தேன் அசலா என்று வீட்டில் செய்கிற எந்தச் சோதனையாலும் கண்டுபிடிக்க முடியாது. விட்டுவிடுங்கள்.

மேலே சொன்னதெல்லாம் வருஷத்தில் எட்டு மாதத்துக்கு. ஏப்ரல் முதல் ஜூலை வரை சேலம் டவுனோடு வேறெதையும் ஒப்பிட முடியாது, மாம்பழம் வந்துவிடும். பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி மல்கோவா, இமாம்பசந்து, செந்தூரா, நடுச்சாலை, குதாதத், பெங்களூரா எல்லாம் கூடை கூடையாக. முதல் மழைக்கு முன் வருகிற ஏப்ரல் பழத்துக்கு விலையும் அதிகம், கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்ததும் அதிகம், மே நடு வரை பொறுங்கள். கல் வைத்த பழம் மேலெல்லாம் ஒரே மஞ்சளாக இருக்கும், காம்பருகே முகர்ந்தால் வாசனை இருக்காது, அறுத்தால் கொட்டைப் பக்கம் வெளுத்துப் புளிக்கும். மல்கோவாவை நிறத்தை வைத்து எடுக்கவே கூடாது. உருண்டையாக, பழுத்த பிறகும் பச்சையாகவே நிற்கும் ஜாதி அது. காம்புக் குழியில் முகர்ந்து வாசனை வந்தால், கட்டை விரலால் அழுத்தினால் லேசாக இறங்கினால் அன்றைக்கே சாப்பிடலாம். வாசனை வந்தும் கெட்டியாக இருந்தால் வைக்கோலிலோ பழைய பேப்பரிலோ சுற்றி இரண்டு நாள், ஃபிரிட்ஜில் வேண்டாம். ஐந்து கிலோ வாங்கினால் மூன்று கிலோ காயாக, இரண்டு கிலோ பழமாகக் கேட்டு வாங்குங்கள். எல்லாம் ஒரே நாளில் பழுத்துவிட்டால் பக்கத்து வீட்டுக்குத்தான் கொண்டாட்டம்.